ப்ளெக்ஸில் சிரித்தவன்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்ல வர வேண்டும் என்று சபையிலிருந்து மறுபடியும் ஆள் அனுப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அருள்பாண்டி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வடக்கேயிருந்து வந்த நாளிலிருந்து மனுஷன் ஒரு இடத்தில் உட்காரவில்லை. செல்லூரில் நாங்கள் குடியிருப்பது ஒற்றை அறை. அதில் நடக்க என்ன இடம் இருக்கிறது? ஆனாலும் நடப்பார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டுவார், கழற்றிவிட்டுத் திரும்பி வருவார். சோற்றைப் போட்டால் பாதியில் எழுந்து கை கழுவிவிடுவார். தறிப்பட்டறையிலிருந்து வாங்கி வந்த துண்டுகளுக்கு ஓரம் தைத்துக்கொண்டே நான் பார்ப்பேன். பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். எரிச்சல்தான் கூடுதல்.

"கொஞ்சம் உக்காருங்க மாமா. பாக்குற எனக்குத் தலை சுத்துது."

"உக்காந்துதானே இருக்கேன்" என்பார், நின்றுகொண்டே.

எதற்கு இந்த நடை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவருக்குத் திரும்பிப் போக வேண்டும். வந்து இறங்கிய அன்றே கையைப் பிடித்து வாக்கு வாங்கிவிட்டேன், இனி அந்தத் திக்கில் காலை வைக்கக் கூடாது என்று. கல்யாணமாகிப் பாதி நாள் லாரியிலேயே கழித்த மனுஷன். மீதி நாளையும் ஜெயிலுக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை.

அவர் போர்வெல் லாரியில் டிரில்லர். கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்களிலிருந்து அந்த வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. பொங்கல் முடிந்ததும் வடக்கே கிளம்பினால், அங்கே மழை பிடிக்கும்போதுதான் திரும்புவார்கள். இந்த வருஷம் போனது காட்டை ஒட்டிய ஒரு மாவட்டம். அந்த மாநிலத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறது. கிளம்பும்போதே முதலாளி எல்லாரையும் நிறுத்திவைத்துச் சொல்லியிருக்கிறார்: "அங்க போயி சாமி பூதம், ஜெபம் கிபம்னு ஒரு பேச்சு இருக்கக் கூடாது. குழி போட்டமா, வந்தமான்னு இருக்கணும்." இவரும் தலையாட்டிவிட்டுத்தான் ஏறினார். தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் எனக்குக் கதை சொல்ல வேண்டாம். தெரிந்துதான் செய்தார்.

நம்மூரில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கோயிலில் மந்திரிக்கவும் போவார்கள், தர்காவில் ஓதவும் போவார்கள், "அருளு, உங்க ஜெப எண்ணெய் கொஞ்சம் குடுப்பா" என்று எங்கள் வீட்டுக்கும் வருவார்கள். பிள்ளை எழுந்து விளையாட ஆரம்பித்தால் அவரவர் பாட்டுக்கு அவரவர் கோயிலுக்குப் போய்விடுவார்கள். யாரும் மதம் மாறவும் மாட்டார்கள், யாரும் சண்டைக்கு வரவும் மாட்டார்கள். அதே பழக்கத்தில் இவர் அங்கேயும் இருந்திருக்கிறார்.

புத்ராம் என்று ஒருவன். லாரியிலிருந்து பைப் இறக்கக் கூலிக்கு வந்த உள்ளூர்க்காரன். அவன் மகளுக்கு அடிக்கடி வலிப்பு. இவர் அந்தப் பிள்ளையின் நெற்றியில் எண்ணெய் தொட்டு வைத்து ஜெபித்திருக்கிறார். பிள்ளைக்கு வலிப்பு நின்றுவிட்டது. ஆண்டவர் நிறுத்தினாரோ, ஆஸ்பத்திரி மருந்து நிறுத்தியதோ, நின்றுவிட்டது. இவர் அதோடு விட்டாலும் புத்ராம் விடவில்லை. சாயங்காலமானால் லாரிப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டு, "நீ யார்கிட்ட கேட்ட? அவரைப் பத்திச் சொல்லு" என்றிருக்கிறான். இவரும் தனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் சொல்லியிருக்கிறார். பிறகு புத்ராம் வீட்டிலேயே நாலைந்து பேர் ஜெபத்துக்குக் கூட ஆரம்பித்தார்கள். ஒரு நாள் போரில் தண்ணீர் பீறிட்டு அடித்து, ஊரே நனைந்து கூத்தாடிக்கொண்டிருந்தபோது, அந்தத் தண்ணீரிலேயே புத்ராமுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்.

சரி, கொடுத்தார். போட்டோ எதற்கு? எடுத்தார். எடுத்ததைப் போனில் வைத்துக்கொள்ளாமல் சபை வாட்ஸ்அப் குரூப்பில் எதற்குப் போட வேண்டும்? போட்டார். பெருமை! மிச்சத்தை நம் மதுரைக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஊரில் காதுகுத்துக்கு ப்ளெக்ஸ், சடங்குக்கு ப்ளெக்ஸ், செத்தால் ப்ளெக்ஸ், செத்து ஒரு வருஷம் ஆனாலும் ப்ளெக்ஸ். சபை மட்டும் சும்மா இருக்குமா? உபவாசக் கூட்டத்துக்கு மெயின் ரோட்டில் லாரி நீளத்துக்கு ஒன்று வைத்தார்கள். ஓரத்தில் பாஸ்டர் கையை உயர்த்தி நிற்கிறார். நடுவில், தலை நனைந்து வாயெல்லாம் பல்லாகப் புத்ராம். "வடக்கே எழுப்புதல்!" என்று மஞ்சளில் எழுத்து. கீழே அந்த ஊர்ப் பெயர், மாவட்டப் பெயர் வரைக்கும் போட்டிருந்தார்கள். அட அறிவு கெட்டவர்களா!

யாரோ அதைப் படம் பிடித்து பேஸ்புக்கில் போட, அது சுற்றிச் சுற்றி அந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தது. போலீஸ் வருவதற்குள் முதலாளிக்குத் தகவல் வந்து, இவரைச் சாமான் லாரி ஒன்றில் ஏற்றி அனுப்பிவிட்டார். புத்ராமை ஏற்றி அனுப்ப யாரும் இல்லை. அவன் ஊரே அதுதான், எங்கே போவான்? வீட்டில் கூட்டம் நடத்தினான் என்று பிடித்துப் போய்விட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்துதான் சபையில் சாட்சி கேட்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை இவர் வெற்றிலை லோடு ஏற்றக் குட்டியானை வண்டியை ஓட்டிக்கொண்டு சோழவந்தான் போயிருந்தார். சும்மா இருக்க முடியாமல் தானே கேட்டு வாங்கிய வேலை. போன அவசரத்தில் போனை வீட்டில் விட்டுவிட்டார். மத்தியானம் அது அடித்தது. எடுத்தால் ஒரு பொம்பளை, இந்தியில் மடமடவென்று பேசுகிறாள். "பாண்டி பையா" என்பது மட்டும் புரிந்தது. பாண்டி அண்ணன் என்று அங்கே இவரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். கட் செய்தேன். மறுபடி அடித்தது. மறுபடி கட் செய்தேன். அடுத்த தடவை அடித்தபோது அவள் பேசவே இல்லை, அழுதுகொண்டிருந்தாள். அதற்கு மேல் கட் செய்ய எனக்குக் கை வரவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

மாடியில் வீட்டுக்காரம்மா வசுந்தரா அக்கா. சௌராஷ்டிரக்காரர்கள். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, தெருவில் இறங்கினால் நம்மைவிட நல்ல மதுரைத் தமிழ், சாயங்காலம் பிள்ளைகளுக்கு இந்தி டியூஷன். போனை வாங்கிக் காதில் வைத்தார். "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"புத்ராமோட சம்சாரம். பூல்மதியாம் பேரு" என்றார் என்னிடம்.

"என்னவாம்க்கா?"

"தமிழ்க்காரன் ஆசை காட்டி, மெரட்டித் தண்ணிக்குள்ள தள்ளிட்டான்னு அவன் எழுதிக் கையெழுத்துப் போட்டா வெளிய விட்டுருவாங்களாம். போட மாட்டேன்னு நிக்கிறானாம். உங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பானாம். போடுடான்னு சொல்லச் சொல்லுங்கன்னு அழுகுறா."

"போட்டா?"

அக்கா என்னைப் பார்த்தார். "போட்டா அந்தப் பேப்பரோட இங்க வருவாங்க செல்வி. உன் வீட்டுக்காரரைத் தேடி. பத்து வருஷம் வரைக்கும் போட வழி இருக்குன்னு அங்க வக்கீல் சொன்னாராம்."

"ராங் நம்பர்னு சொல்லிருங்கக்கா."

"அதை நான் சொல்ல மாட்டேன். அப்புறம் பேசுறோம்னு வேணா சொல்றேன்."

சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டும் அவர் மனசு ஆறவில்லை. "எனக்கு உங்காளுங்க மேல கோவம்தான். எங்க வீட்டுப் பிள்ளைகிட்ட எவனாவது வந்து உன் சாமியை விடு, எங்க சாமியைக் கும்புடுன்னா நானும் தொடப்பக்கட்டையைத் தூக்குவேன். ஆனா கேட்டதுக்காக என் பிள்ளையைப் பிடிச்சு உள்ள போட்டா, அதையும் சும்மா விடுவேனா?" என்றார். நான் போனைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு கீழே இறங்கினேன்.

இவர் வந்ததும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். வந்த அழைப்புகளை எல்லாம் அழித்தேன். தையல் மெஷினில் உட்கார்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருந்தது. இவர் வந்து கைகால் கழுவிக்கொண்டிருக்கும்போதே பாஸ்டர் வந்து சேர்ந்தார்.

முத்திருளன் பாஸ்டர் கெட்டவர் இல்லை. நெல்பேட்டையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், இன்றைக்கும் சபையில் யார் வீட்டில் சாமான் ஏற்றி இறக்க வேண்டும் என்றாலும் முதல் ஆளாகத் தோள் கொடுப்பார். "ஸ்தோத்திரம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு இவரிடம் திரும்பினார்.

"பிரதர், நீங்க ஞாயித்துக்கிழமை வாயைத் தொறந்தே ஆகணும். எம்புட்டுப் பேரு எழும்புவாங்க தெரியுமா?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "யாரு பாஸ்டர் எழும்புறது? எழும்புனவன் அங்க களி தின்னுக்கிட்டு உக்காந்துருக்கான். போயி அவனை எழுப்புங்க முதல்ல!"

"செல்வி!" என்று இவர் அதட்டினார்.

"இருங்க பிரதர், பேசட்டும்." பாஸ்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ப்ளெக்ஸ் என் தப்புதான் தங்கச்சி. புத்தியில்லாமப் பண்ணிட்டேன். அதுக்கு நீ என்னைச் செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிறேன். ஆனா இவர் சொன்னது தப்பில்ல. சட்டம் கூடாதுன்னா வாயை மூடிக்கிறதா? அப்போஸ்தலர்கள் என்ன, கலெக்டர் ஆபீஸ்ல பெர்மிஷன் வாங்கிட்டா பேசுனாங்க?"

"பேசுனாங்க, மாட்டுனாங்க, அவங்களே அடி வாங்குனாங்க. இங்க பேசுனவரு நான் பொங்கிப் போட்டதைத் தின்னுக்கிட்டு இருக்காரு, கேட்டவன்ல உள்ள கெடக்குறான்? கையெழுத்துப் போட்டா விட்டுருவேங்கிறாங்க, அதுக்கும் மாட்டேங்கிறான். அவன் பொண்டாட்டி போன்ல அழுகுறா!"

வாய் தவறிவிட்டது. இவர் என்னையே பார்த்தார். "என்ன கையெழுத்து? எப்பப் பேசுனா?"

இனி மறைத்து என்ன? எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல இவர் நடையெல்லாம் நின்றுபோய், சுவரில் சாய்ந்து கேட்டார்.

"போடச் சொல்லிருவோம்" என்றார். "நான்தான் தள்ளுனேன்னு எழுதட்டும்."

"பொய்யா எழுதச் சொல்றீங்க பிரதர்?" என்று பாஸ்டர் கேட்டார்.

"அவன் வெளிய வரணும் பாஸ்டர். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

பாஸ்டர் ஜெபம் செய்யலாம் என்றார். நான் கண்ணை மூடவில்லை. அவர் போன பிறகு பாத்திரங்களை எல்லாம் போட்டு உருட்டினேன். "யாரு உங்களைப் பேசச் சொன்னது? வேணாம்னு சட்டம் சொல்லுதுல்ல? முதலாளி சொன்னாருல்ல? குழி தோண்டப் போன எடத்துல உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

"உங்கம்மா கொட்டாம்பட்டியில முழுக்கு எடுத்தப்ப இங்கயுந்தான் சட்டம் இருந்துச்சு" என்றார், மெதுவாக.

அது உண்மைதான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம் மாநிலத்திலும் அப்படி ஒரு சட்டம் கொஞ்ச நாள் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். அப்போது மதுரையிலிருந்து ஒரு அக்கா பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வரும். சேலைத் தலைப்பில் பைபிளை மறைத்துக்கொண்டுதான் வரும். அம்மா யார் யார் காட்டிலோ நாற்று நட்டுவிட்டு, எந்த வீட்டு வாசலிலும் ஒதுங்கியே நிற்கிற பொம்பளை. அந்த அக்கா மட்டும்தான் எங்கள் குடிசைக்குள் வந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் தட்டில் சாப்பிட்டது. ஒரு நாள் பம்புசெட்டுத் தொட்டியில் அம்மாவுக்கு ஞானஸ்நானம் நடந்தது.

"எங்கம்மா முழுகுனதுக்கு எவனும் ஜெயிலுக்குப் போகல" என்றேன்.

"போயிருந்தா? அந்த அக்கா வந்திருக்கவே கூடாதுன்னு சொல்லுவியா?"

அந்த அக்கா வராமல் இருந்திருந்தால் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்காது. அதே நேரத்தில் இவர் அங்கே வாயைத் திறக்காமல் இருந்திருக்கக் கூடாதா என்றும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே மனசில் எப்படி இருக்கிறது என்று எனக்கே விளங்கவில்லை. கோபத்தில் சோற்றுப் பானையைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் பூல்மதியே மறுபடி அழைத்தாள், இரண்டு பேரும் போனோடு மாடிக்குப் போனோம். இவர் தன் ஓட்டை இந்தியில் ஆரம்பித்துவிட்டுத் திணற, வசுந்தரா அக்கா வாங்கிச் சரியாகச் சொன்னார்: நான் தள்ளினேன் என்று எழுதச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், எனக்கு வருத்தமே இல்லை. இன்றைக்கு ஜெயிலில் அவனைப் பார்க்க விடுவார்கள், பார்த்துவிட்டுப் பேசுகிறேன் என்றாளாம் பூல்மதி.

அந்தப் பகல் முழுக்க நானும் நடந்தேன். அவர் வாசலுக்குப் போனால் நான் அடுப்படிக்கு, அவர் உள்ளே வந்தால் நான் வாசலுக்கு. புத்ராம் கையெழுத்துப் போடக் கூடாது என்று ஜெபித்தேன். ஆமாம், அதைத்தான் ஜெபித்தேன். ஆண்டவரே, அவனை இன்னும் கொஞ்சம் பிடிவாதமாக வையும் என்று. வாசலில் பைக் சத்தம் கேட்டால்கூடப் போலீஸ்தான் என்று தூக்கிவாரிப் போட்டது.

சாயங்காலம் டியூஷன் பிள்ளைகள் போன பிறகு மாடியிலிருந்து கூப்பிட்டார்கள். காலையில் வசுந்தரா அக்காவிடமே விட்டுவந்த இவர் போன் அவர் காதில் இருந்தது. நாங்கள் இருவரும் எதிரே நின்றோம். அக்கா கேட்டுக் கேட்டு, ஒவ்வொன்றாக எங்களுக்குச் சொன்னார்.

"போட மாட்டேன்னுட்டானாம்."

"நான் சொன்னேன்னு சொன்னாளாமா?" என்றார் இவர்.

"சொன்னாளாம். அதுக்கு அவன் சொன்னானாம்..." அக்கா கொஞ்சம் நிறுத்தி, மறுபடி அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டார். "'நானே என் கால்ல நடந்து போயி அந்தத் தண்ணியில நின்னேன். யோசிச்சுத்தான் நின்னேன். என்னைத் தள்ளிவிட்டாங்கன்னு போலீஸ் சொல்லுது. தள்ளிவிட்டேன்னு வச்சுக்கோன்னு பாண்டி பையாவும் சொல்றாரு. எனக்குன்னு ஒரு புத்தி இருக்குன்னு ரெண்டு பேருக்குமே தோணலையா?'ன்னு கேட்டானாம்."

இவர் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம். கையெழுத்து இல்லை, பேப்பர் இல்லை, போலீஸ் வராது. என் மனுஷன் என் வீட்டில் இருப்பார். இன்னொருத்தியின் புருஷன் ஜெயிலிலேயே கிடக்கப்போகிறான் என்று கேட்டுவிட்டு, நெஞ்சு லேசாகிப்போய் நின்றேன். அடுத்த நிமிஷமே சீ என்று ஆகிவிட்டது. என்ன பொம்பளை நான்?

"வேற வழி ஏதாவது வக்கீல் சொன்னாரான்னு கேளுங்கக்கா" என்றேன்.

அக்கா கேட்டார். அந்தப் பக்கம் பூல்மதி கொஞ்ச நேரம் பேசினாள். பேசி முடித்ததும் அக்கா இவரைப் பார்த்தார்.

"சொல்லுங்கக்கா."

"முக்கியமான ஆளு தலைமறைவா இருக்குறதாலதான் ஜாமீன் கிடைக்கலையாம். ஞானஸ்நானம் குடுத்தவரே வந்து, நான்தான் குடுத்தேன், அவனாக் கேட்டான், நான் குடுத்தேன்னு கோர்ட்ல உள்ளதைச் சொன்னா, இவன்கிட்ட கையெழுத்தே தேவைப்படாதாம். ஜாமீனும் கிடைக்குமாம்."

"இதை ஏன் நேத்தே சொல்லல?"

அக்கா கேட்டார். பதில் உடனே வந்தது. அதைச் சொல்லும்போது வசுந்தரா அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த வீட்டுலயும் ஒரு பொண்டாட்டி இருப்பாள்ல, அவகிட்ட இதை எப்படிக் கேக்குறதுன்னு சொல்றா."

இவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எனக்குக் கொடுத்த வாக்கு அவர் வாயைக் கட்டியிருந்தது. நான் மாட்டேன் என்றால் போக மாட்டார். எத்தனை வருஷமானாலும் இந்த ஒற்றை அறைக்குள் நடந்துகொண்டே இருப்பார், நானும் பார்த்துக்கொண்டே துண்டு தைப்பேன். கீழே எங்கள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. தெருவில் தறிச் சத்தம் ஓயாமல் கேட்டது.

"வாரார்னு சொல்லுங்கக்கா" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுடி" என்றார் அக்கா.

"யோசிச்சா சொல்ல மாட்டேன். சொல்லிருங்க."

அக்கா இந்தியில் சொன்னார். அந்தப் பக்கம் அழுகை வரும், நன்றி வரும், ஐயையோ வேண்டாம் என்றாவது ஒரு வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்றுகூடக் காத்திருந்தேன். ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. அது எனக்கே கேட்டது, ஆனால் புரியவில்லை.

"என்னக்கா சொல்றா?"

"எப்பன்னு கேக்குறா."